வாசம் வரல

கம்பெனி பஸ் இரண்டு இருபதுக்கு கேட்டைத் தாண்டியதிலிருந்து கலிவரதன் தன்னுடைய மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். கைக்கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்து எண்ணினால் நிமிஷத்துக்குப் பதினாறு வந்தது, பார்க்காமல் எண்ணினால் பத்தொன்பது. எண்ணுகிறார்கள் என்று தெரிந்ததுமே மூச்சுக்கு ஒரு அவசரம் வந்துவிடுகிறது, மேனேஜர் ரவுண்டு வரும்போது ஆட்கள் சும்மாவாவது ஒரு ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொள்வதைப் போல. பதினாறு சரிதான். பன்னிரண்டிலிருந்து இருபது வரைக்கும் சரி என்று சேஃப்டி வகுப்பில் சொல்வார்கள், சொல்வார்கள் என்ன, பத்து வருஷமாகப் புது ஆட்களுக்கு அந்த வகுப்பை எடுப்பவரே அவர்தான். கேஸ் இழுத்த ஆளு நல்லாத்தான் இருப்பான், சிரிப்பான், டீ குடிப்பான், வீட்டுக்குப் போறேம்பான், விட்றாதீங்க, நெஞ்சுக்குள்ள தண்ணி கோக்கிறதுக்கு நேரம் புடிக்கும், ஆறு மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம், ரெண்டு நாளும் ஆகலாம் என்று வகுப்பில் கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிற தன் குரல் இப்போது பஸ்ஸின் இரைச்சலுக்கு அடியில் அவருக்கே கேட்டது. நடந்தது பதினொன்று நாற்பதுக்கு. இப்போது இரண்டு முப்பத்திரண்டு. மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. அப்படியானால் நன்றாக இருக்கிறேன் என்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை, மோசமாக இருக்கிறேன் என்பதற்குத்தான் அர்த்தம் உண்டு. தொண்டையில் லேசான எரிச்சல், பச்சை மிளகாயைக் கடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் விட்டது போல. அவ்வளவுதான். இடது பக்கம் நெஞ்சில் ஏதோ குத்துகிற மாதிரி இருக்கிறதே, அது சட்டைப் பையில் இருக்கிற பேனா. பேனாவை எடுத்து வலது கைக்கு மாற்றிக்கொண்டார். குத்துவது நின்றுவிட்டது. பேனாதான். பக்கத்து இருக்கையில் மரியசூசை கைலேஞ்சியைத் தலைமேல் போட்டுக்கொண்டு, முன் இருக்கையின் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தான். ஒன்பது வருஷமாக ஒரே ஷிப்டு, ஒரே பஸ், ஒரே இருக்கை. தூங்குகிறான். தூங்கட்டும்.

பஸ் உப்பனாற்றுப் பாலத்தில் ஏறியது. வெளியே வெயில் கண்ணைக் கூசவைத்தது, ஆற்றில் தண்ணீர் இருந்த இடமும் சேறு இருந்த இடமும் ஒரே மாதிரி மின்னின. பாஸ்பரஸ் ட்ரைகுளோரைடும் பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். பிளாண்டில் அதற்குப் பெயர் வெறும் ட்ரை. ஒரு பாட்டிலில் தண்ணீரையும் இன்னொன்றில் ட்ரையையும் ஊற்றி மூடி வைத்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, கையில் தூக்கிப் பார்த்தால் தெரியும், தண்ணீர் ஒரு கிலோ என்றால் அது ஒன்றரைக்கும் மேலே. மூடியைத் திறந்தால் கையே வேண்டாம், காற்றில் இருக்கிற ஈரம் பட்டதுமே வெள்ளையாகப் புகையும். தண்ணீர் மாதிரி இருக்கிற அதற்குத் தண்ணீரைக் கண்டாலே ஆகாது. ஒரு சொட்டு விழுந்தால் சீறும், கொதிக்கும், உப்பு அமிலமாகவும் பாஸ்பரஸ் அமிலமாகவும் உடைந்து தெறிக்கும். அதனால்தான் அதைச் செய்கிற இடத்தில் எல்லாம் காய்ந்திருக்க வேண்டும், குழாய் காய்ந்திருக்க வேண்டும், பாத்திரம் காய்ந்திருக்க வேண்டும், வருகிற குளோரின் காய்ந்திருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால் அதைச் செய்ய எடுக்கிற மஞ்சள் பாஸ்பரஸ் தண்ணீருக்குள்ளேயேதான் வந்து இறங்கும், வெளியே எடுத்தால் தானாகப் பற்றிக்கொள்ளும். வெந்நீரில் டிரம்மை வைத்து அதை நெய் மாதிரி உருக்கி, தண்ணீரைப் பிரித்துவிட்டு, ஏற்கெனவே ட்ரை கொஞ்சம் கிடக்கிற ரியாக்டருக்குள் விட்டு, அடியிலிருந்து குளோரினை ஊத வேண்டும். நெருப்பு வைக்க வேண்டியதில்லை. அது இரண்டும் சேர்கிற சூட்டிலேயே எழுபத்தாறு டிகிரியில் கொதித்து ஆவியாகி மேலே போய், கண்டென்சரில் குளிர்ந்து சொட்டும். பாதியைத் திரும்ப உள்ளே விட வேண்டும், பாதியை டாங்கிக்கு அனுப்ப வேண்டும். குளோரின் ஒரு பிடி கூடிப்போனால் ட்ரை பென்டாகுளோரைடாக மாறி மஞ்சள் கட்டியாகக் குழாயை அடைத்துவிடும், அதனால் பாஸ்பரஸ் எப்போதும் கொஞ்சம் தூக்கலாகவே இருக்க வேண்டும். இருபத்தியோரு வருஷமாக அவர் இதைத்தான் செய்கிறார். நெஞ்சுக்குள் இருப்பதும் ஈரம். ஈரம் இல்லாத நெஞ்சு எங்கே இருக்கிறது. ஒரு மூச்சில் இழுத்தது எவ்வளவு இருக்கும், ஒரு சொட்டா, அரைச் சொட்டா, ஆவியைச் சொட்டில் எப்படிக் கணக்குப் பார்ப்பது. பதினாறு. இன்னும் பதினாறுதான்.

முதுநகர் நிறுத்தத்தில் நாலு பேர் இறங்கினார்கள். டிரைவர் சபாபதி யாரிடமோ தண்ணீர் பாட்டிலைக் கேட்டு வாங்கிக் குடித்தார். கலிவரதன் மறுபடியும் பதினொன்று நாற்பதுக்குப் போனார், போக வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேதான் போனார். இரண்டாவது டாங்கிக்குப் போகிற குழாயில் ஒரு இணைப்பில் கேஸ்கெட், கசியாமல் நடுவில் வைக்கிற வளையம், மாற்ற வேண்டியிருந்தது. குழாயை வடித்துவிட்டு, நைட்ரஜனை ஊதிக் காயவைத்துவிட்டதாக முந்தின ஷிப்டு எழுதி வைத்திருந்தது. மரியசூசைக்கு மூன்று நாளாகச் சளி. மாஸ்க்கைப் போட்டால் மூச்சு முட்டுகிறது என்று அதைக் கழுத்துக்கு இறக்கிவிட்டிருந்தான். இவரும் கண்ணாடியில் வேர்வை இறங்குகிறது என்று நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார், அதையும் சொல்ல வேண்டும், வகுப்பு எடுக்கிறவர் ஏற்றிவிட்டிருந்தார். எட்டு போல்ட்டில் ஒன்றைத் தளர்த்தியதும் மரியசூசை நிறுத்தினான். நல்ல தொழில்காரன், அங்கே நிறுத்த வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். "அண்ணே, வாசம் வருதா பாரு. எனக்கு மூக்கு அடைச்சிக்கினு இருக்குது" என்றான். இவர் குனிந்து அந்த இணைப்புக்கு ஒரு முழம் தள்ளி முகத்தை வைத்து இழுத்தார். நிமிர்ந்தார். "வரலப்பா" என்றார். அவன் மாஸ்க்கை ஏற்றிக்கொள்ளாமல் அடுத்த மூன்று போல்ட்டையும் தளர்த்தினான். குழாய் வளைவில் எங்கோ ஒரு பள்ளத்தில் தேங்கியிருந்தது வெளியே வந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை, அப்புறம் அவன் முகத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு மூட்டம், துணி காயப்போடும்போது உதறின மாதிரி. இரண்டு பேரும் பின்னால் குதித்தார்கள். ஷவரில் நின்றார்கள். கொஞ்சம் தண்ணி பட்டாத்தான் சீறும், கொடம் கொடமா ஊத்துனா ஓடிப்போயிடும் என்று வகுப்பில் சொல்வதைப் போல ஊற்றிக்கொண்டார்கள். பத்து நிமிஷம் இருமல். அப்புறம் இருமல் நின்றது. மரியசூசை சிரித்தான். "வெளிய சொல்லாதண்ணே. மாஸ்க் போடலன்னு எனக்குத்தான் மெமோ குடுப்பானுங்க." இவர் சரி என்றார். அவன் கேட்டுக்கொண்டதற்காகத்தான் சரி என்றார். அதுதான் உண்மை. அவனே கேட்டுக்கொண்டான்.

வரல. அது பொய்யா. இந்த இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு தடவையும் யோசனை ஆணியில் துணி மாட்டியது போல நின்றுவிடுகிறது. வாசம் வருதா என்று கேட்டான், வரல என்று சொன்னார், வரவில்லைதான். மூக்கை வைத்து இழுத்தபோது அவருக்கு ஒன்றுமே வரவில்லை, சாமி சத்தியமாக வரவில்லை. வாசம் இருக்குதா என்று கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பாரோ. சொல்லியிருக்க மாட்டார். அவருக்கு எதுவுமே வருவதில்லை, நாலு வருஷமாக. கொரோனாவில் பதினோரு நாள் படுத்து எழுந்தபோது மூக்கு போய்விட்டது. எல்லாருக்கும் போனது, எல்லாருக்கும் ஒரு மாதத்தில், இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. நாக்கு பாதி திரும்பியது, உப்பு தெரியும், புளிப்பு தெரியும், மூக்கு திரும்பவே இல்லை. வீட்டில் வேதவல்லிக்கு மட்டும் தெரியும், அவளிடமும் அவர் சொல்லவில்லை, அவளே கண்டுபிடித்தாள். அடுப்பில் நெய் கருகிப் புகைந்துகொண்டிருக்க, இரண்டு அடி தள்ளி அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் கொல்லைப்பக்கத்திலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். "உங்களுக்கு நெஜமாவே தெரியலயா?" என்றாள். அப்புறம் ஒரு வாரம் கழித்து, "நீங்க வேலை செய்யற எடத்துக்கு இது ஆவாதே, சொல்லிடுங்களேன்" என்றாள். பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்று சொல்லி நாலு வருஷம். சொன்னால் என்ன ஆகியிருக்கும், ட்ரை செக்‌ஷனிலிருந்து தூக்கி டிரம் அடுக்குகிற இடத்தில் போட்டிருப்பார்கள், வேலையை விட்டே அனுப்பியிருக்க மாட்டார்கள். அந்த செக்‌ஷனில் அவருக்கு மூக்குக் கலி என்று பெயர். கேண்டீனில் சோற்றில் கை வைத்திருக்கும்போது தலையை நிமிர்த்தி, மூணாவது பம்புல எங்கியோ ஒழுகுது என்று சொல்லிவிட்டு எழுந்துபோய், சரியாக மூன்றாவது பம்பில் ஒழுகியதைக் காட்டிய மூக்கு. ஜெனரல் மேனேஜர் எல்லார் முன்னாலும் முதுகில் தட்டிக்கொடுத்த மூக்கு. ஒரு ஆளுக்குப் பெயரே மூக்காக இருக்கும்போது அது போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது.

வருஷா வருஷம் மெடிக்கல் செக்கப் உண்டு. நர்ஸ் இரண்டு சின்ன பாட்டிலை நீட்டுவாள், மோந்து பார்த்து என்னவென்று சொல்ல வேண்டும். நீல மூடியில் கிராம்புத் தைலம், சிவப்பு மூடியில் காப்பித்தூள். முதல் வருஷம் வரிசையில் அவருக்கு முன்னால் நின்றவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு சொன்னார். இரண்டாம் வருஷம் மூடியின் நிறம் ஞாபகம் இருந்தது. மூன்றாம் வருஷமும் அதே மூடி, இந்த வருஷமும் அதே மூடி. நீல மூடியை மூக்கில் வைத்து, கண்ணை மூடி, கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நிறுத்தி, கிராம்பு என்றார். அந்த யோசிக்கிற நிறுத்தம் இருக்கிறதே, அது பொய். வரல என்று சொன்னது பொய்யா இல்லையா என்று தெரியாது, கிராம்பு என்று சொன்னது பொய். கிராம்பின் வாசம் எப்படி இருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்த்தார். கிராம்பு என்கிற சொல்தான் வந்தது. ட்ரையின் வாசம் எப்படி இருக்கும், மூக்கின் உள்தோலைச் சுரண்டும் என்று வகுப்பில் சொல்கிறார், சுரண்டும் என்கிற சொல்தான் வந்தது. சொல்லையெல்லாம் வைத்துக்கொண்டு வாசத்தை விட்டுவிட்டார். பஸ் மஞ்சக்குப்பத்துக்குள் நுழைந்திருந்தது. பெரியாஸ்பத்திரி வாசலில் இளநீர் வண்டி, ஆட்டோக்கள், கையில் எக்ஸ்ரே கவரோடு ஒரு பொம்பளை ரோட்டைக் கடக்க நின்றாள். சபாபதி பிரேக் போட்டு அவளுக்கு வழி விட்டார். பஸ் நின்ற அந்த அரை நிமிஷத்தில் எழுந்து இறங்கிவிடலாம். இரண்டு பேரும் இறங்கிவிடலாம். என்னா கேஸு என்று கேட்பார்கள், எழுதுவார்கள், கம்பெனிக்குப் போன் போகும், எப்படி நடந்துது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து, ஏன் வாசம் தெரியவில்லை என்பதில் வந்து நிற்பார்கள். அவள் கடந்துவிட்டாள். பஸ் நகர்ந்தது. பதினேழு. பதினேழா, பதினாறா, நடுவில் ஒன்றை விட்டுவிட்டார்.

பிரஜாபதியை நினைக்கக் கூடாது என்று பஸ்ஸில் ஏறும்போதே முடிவு செய்திருந்தார். குஜராத்தில் ஒரு சின்ன ஃபாக்டரி, அவருக்கு முதல் வேலை, இருபத்துமூன்று வயசு, ஒரு அறையில் ஆறு பேர். பிரஜாபதி பக்கத்துப் பாய். பழைய டிரம் ஒன்றைத் திறக்கும்போது வந்த ஆவியை வாங்கிக்கொண்டான், இருமினான், முகம் கழுவினான். அன்றைக்குச் சாயங்காலம் ரொட்டி சுட்டு எல்லாருக்கும் போட்டான், இவருக்கு இந்தி வராததை வைத்துக் கேலி செய்தான். மறுநாள் காலை பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது குழாயடியில் உட்கார்ந்துவிட்டான். வாயிலிருந்து நுரை வந்தது, பற்பசை நுரை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், அது ரோஸ் கலராக இருந்தது. வகுப்பில் இதைச் சொல்வார், ஆனால் பெயரைச் சொல்ல மாட்டார், ஒரு ஆளு என்றுதான் சொல்வார். ரொட்டியைப் பற்றியும் சொல்ல மாட்டார். பிரஜாபதி எத்தனை மூச்சு விட்டான், யாரும் எண்ணவில்லை, அப்போது எண்ணத் தெரியாது. தனக்கு இப்படித்தான் ஆகுமா. வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டு, வேதவல்லியிடம் ஒன்றும் சொல்லாமல் படுத்து, காலையில் எழுந்து. இல்லை, அவர் குனிந்தது போல்ட்டு ஒன்று தளர்ந்திருந்தபோதுதான், மூட்டம் வந்தபோது மூன்றடி பின்னால் நின்றார், காற்றும் கடல் பக்கத்திலிருந்து அவர் முதுகுக்குத்தான் அடித்தது. அவருக்குக் கிடைத்தது கொஞ்சம். முகத்தை அதன்மேலேயே வைத்திருந்தவன். முகத்தை அதன்மேலேயே வைத்திருந்தவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். நாற்பது நிமிஷமாக யாருடைய மூச்சை எண்ணிக்கொண்டு வருகிறோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. செம்மண்டலம் தாண்டி, கோண்டூரும் தாண்டி, பஸ் கரும்பு லாரி ஒன்றின் பின்னால் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. கலிவரதன் கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு மரியசூசையின் முதுகைப் பார்த்தார். சட்டை ஏறி இறங்குவதை எண்ணினார். இருபத்தாறு. மறுபடியும் எண்ணினார். இருபத்தெட்டு. தூங்குகிறவனுக்கு இருபத்தெட்டு வராது. அவன் தூங்கவில்லை, குனிந்து உட்கார்ந்தால் மூச்சு விடச் சுலபமாக இருக்கிறது என்று குனிந்திருக்கிறான். தோள் இரண்டும் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே போய் வந்தன.

"மரி." அவன் கைலேஞ்சிக்கு உள்ளிருந்து ம் என்றான். "நெஞ்சு எப்பிடி இருக்குது?" அவன் நிமிர்ந்தான். உதட்டின் நிறம் கொஞ்சம் மாறினாற்போல் இருந்தது, வெயிலில் சரியாகத் தெரியவில்லை. "ஒண்ணுமில்லண்ணே, சளிதான். இறுக்கிப் புடிக்குது." இருமினான், வறட்டு இருமல், இருமி முடித்ததும் வாயைத் திறந்து காற்றை வாங்கினான். "ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம், வா. இறங்கு." "எதுக்கு? இன்னும் இருவது நிமிசத்துல ஊடு வந்துரும். ஃபிலோமி கஷாயம் வெச்சிக் குடுப்பா." ஃபிலோமினா அவன் மனைவி. "சளி இல்லடா இது. காலையில இழுத்தது. நீ நெறைய இழுத்துட்ட." மரியசூசை சிரித்தான், சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. "நெறையலாம் இல்லண்ணே. நீதான மோந்து பாத்த. நெறைய இருந்திருந்தா உனக்குத் தெரியாம இருக்குமா? மூணாவது பம்பு ஒழுகுறது கேண்டீன்லேந்து தெரிஞ்சிது உனக்கு. உனக்கே வாசம் வரலன்னா என்னா இருந்திருக்கப்போவுது, ஒரு துளி. வுடு." கைலேஞ்சியை மறுபடியும் தலையில் போட்டுக்கொண்டான். கலிவரதன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கரும்பு லாரியின் பின்னால் தொங்கிய கரும்புத் தோகை ரோட்டைக் கூட்டிக்கொண்டே போனது. வேறு ஏதாவது சொல்லிக் கூட்டிப்போகலாம். எனக்கு நெஞ்சு வலிக்குது, தொணைக்கு வா என்று சொல்லலாம். வருவான், கட்டாயம் வருவான், நல்லவன். வந்து ஆஸ்பத்திரி பெஞ்சில் இவருக்காக உட்கார்ந்திருப்பான், டீ வாங்கப் படியேறி இறங்குவான், மூச்சு வாங்கினால் சளி என்று சொல்லிக்கொள்வான். டாக்டரிடம் இவர் நெஞ்சைத்தான் காட்ட வேண்டியிருக்கும். இல்லை, டாக்டரிடம் தனியாகச் சொல்லிவிடலாம். தனியாகச் சொல்வது என்றால் எவ்வளவு சொல்வது. இவனுக்கு எவ்வளவு சொல்வது. யோசனை சுற்றிச் சுற்றி எங்கே போனாலும் அந்த ஒரு சொல்லில் வந்து இடித்தது, அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் மரியசூசையின் தோள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, எண்ண வேண்டியதே இல்லை, கண்ணுக்கே தெரிந்தது.

"எனக்கு வாசம் தெரியாதுடா" என்றார். குரல் சாதாரணமாகத்தான் வந்தது, மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போல. மரியசூசை கைலேஞ்சியை எடுத்தான். "என்னாது?" "மூக்கு வேல செய்யல. கொரோனாலேந்து. காலையில நான் மோந்து பாத்தது ஒண்ணுமில்ல. உள்ள எவ்ளோ இருந்துதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது. கொடம் இருந்திருந்தாலும் வரலன்னுதான் சொல்லியிருப்பேன்." மரியசூசை அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கோபமாகப் பார்க்கவில்லை, கணக்குப் போடுகிற ஆளைப் போலப் பார்த்தான். கண் மட்டும் கொஞ்சம் பெரிதானது. அப்புறம் அவன் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. அவனும் அந்த வகுப்பில் உட்கார்ந்தவன்தான். கலிவரதன் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். "சபாபதி, வண்டியைத் திருப்பு. பெரியாஸ்பத்திரிக்குப் போவணும்." "என்னா வெளையாடறியா? பின்னால பதினஞ்சு பேரு ஊட்டுக்குப் போவக் காத்துனு இருக்கான். ஒரு ஆட்டோவப் புடிச்சிப் போ." "ஆட்டோக்கு அவன நடக்க வெக்க முடியாது. காலையில ட்ரை இழுத்துட்டான். ரெண்டு பேரும் இழுத்தோம். சொல்லாம மறைச்சிட்டோம், என்னாலதான் ஆச்சு, எனக்கு மூக்கு போயி நாலு வருசம் ஆவுது. திருப்பு." பின்னாலிருந்து யாரோ, "மூக்குக் கலிக்கா?" என்று கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது. சபாபதி கண்ணாடியில் மரியசூசையைப் பார்த்தார். ஹாரனை அழுத்திக்கொண்டே ஒரு பெட்ரோல் பங்க்குக்குள் வண்டியை ஒடித்துத் திருப்பினார். கலிவரதன் திரும்பி வந்து உட்கார்ந்தார். மரியசூசை ஜன்னல் பக்கம் வேண்டும் என்று சைகை காட்டினான், மாறி உட்கார்ந்தார்கள். காற்று அவன் முகத்தில் அடிக்கட்டும். யோசிப்பதற்கு ஒன்றும் மிச்சம் இல்லாதது கலிவரதனுக்கு விசித்திரமாக இருந்தது. நாலு வருஷமாகத் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்த ஏதோ ஒரு மோட்டாரை யாரோ நிறுத்தின மாதிரி, அது ஓடிக்கொண்டிருந்ததே நின்ற பிறகுதான் தெரிந்தது.

டாக்டர் சின்னப் பெண், முப்பதுகூட இருக்காது. கலிவரதன் எழுதி வைத்ததைப் படிப்பது போலச் சொன்னார். பெயர் பாஸ்பரஸ் ட்ரைகுளோரைடு, நேரம் பதினொன்று நாற்பது, இவன் முகம் ஒரு அடியில், என் முகம் மூன்றடியில், ஈரத்தில் அமிலமாகும், நேரம் கழித்துத்தான் தண்ணீர் கோக்கும், வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அவள் குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டாள். விரலில் கிளிப்பை மாட்டிப் பார்த்ததில் ஆக்ஸிஜன் அளவு அவருக்குத் தொண்ணூற்றேழு, மரியசூசைக்குத் தொண்ணூற்றொன்று. எக்ஸ்ரேயில் அப்போது பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஆக்ஸிஜனை வைத்து, ஊசி போட்டு, அசையக் கூடாது என்று படுக்கவைத்தார்கள். சாயங்காலம் ஆறரைக்கு ஃபிலோமினா வந்து சேர்ந்தபோது அவனுக்கு எண்பத்துநாலுக்கு இறங்கியிருந்தது, நெஞ்சுக்குள் ஹுக்கா குடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வெளியிலேயே கேட்டது. ஐசியூவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மூக்கையும் வாயையும் இறுக்கி மூடுகிற முகமூடியைப் போட்டு மெஷினால் காற்றைத் தள்ளினார்கள். இரண்டு நாள் அப்படி. கலிவரதனுக்கு இருமல் மட்டும் இருந்தது, அவரையும் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள், அவர் வீட்டுக்குப் போகாமல் கீழே பெஞ்சிலேயே இருந்தார். வேதவல்லி சாப்பாடு கொண்டுவந்தாள், சாப்பிடுகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கம்பெனியிலிருந்து சேஃப்டி ஆபீசர் வந்து எழுதினார். கலிவரதன் கிராம்பையும் காப்பித்தூளையும் பற்றிக்கூடச் சொன்னார், மூடியின் நிறத்தையும் சொன்னார். ஆபீசர் பேனாவை நிறுத்திவிட்டு, "இதையும் எழுதணுமா?" என்று கேட்டார். எழுதுங்க சார் என்றார். முந்தின ஷிப்டு குழாயைச் சரியாக வடிக்கவில்லை என்பதும் வெளியே வந்தது, ஆனால் அதைப் பிடித்துக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை. ஃபிலோமினா அந்த இரண்டு நாளும் அவர் இருந்த பெஞ்சுப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் காலை வார்டுக்கு மாற்றினதும் பெஞ்சுக்கு வந்து நின்று, "உங்கள வரச் சொல்லுது" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

மரியசூசை தலையணையை உயர்த்திச் சாய்ந்திருந்தான். மூக்கில் சின்னக் குழாய், முகமூடி அழுத்தின தழும்பு கன்னத்தில் சிவப்பாக இருந்தது. கலிவரதன் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். மன்னிச்சிடு என்று சொல்லலாமா, சொன்னால் அதற்கு அவன் ஏதாவது சொல்லியாக வேண்டும், மூச்சு அவனுக்கு இன்னும் அவ்வளவு மிச்சமில்லை. அவன்தான் ஆரம்பித்தான், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நிறுத்தி நிறுத்தி. "நாலு வருசமாண்ணே?" "ஆமா." "போன மாசி மாசம், கண்டென்சர் கழட்டும்போது உள்ள எறங்கனேன். நீதான் மேல நின்ன. ஒண்ணுமில்ல எறங்குன்ன. அன்னிக்கும் தெரியாதா?" "தெரியாது." அவன் கூரையில் சுழல்கிற ஃபேனைப் பார்த்தான். "மழைல சம்ப்புல தண்ணி நின்னுச்சே. மோந்து பாத்துட்டு, வெறும் மழைத்தண்ணிதான்ன. நான் கைய வுட்டு அள்ளனேன்." "ஆமா. தெரியாது." "நம்ம ஷிப்டு பாண்டியன் வால்வு மாத்தனப்ப?" "அன்னிக்கும்தான்." நர்ஸ் வந்து குழாயைச் சரிசெய்து, அதிகம் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். மரியசூசை அவள் போகிற வரைக்கும் காத்திருந்தான். ஃபிலோமினா கட்டிலின் மறுபக்கம் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மறுபடியும் ஒவ்வொன்றாக எடுத்தான், ஒன்பது வருஷத்தில் கடைசி நாலை மட்டும், நாள் ஞாபகம் இல்லாத இடத்தில் பண்டிகையைச் சொல்லி, பண்டிகை ஞாபகம் இல்லாத இடத்தில் அன்றைக்குக் கேண்டீனில் என்ன சாப்பாடு என்பதைச் சொல்லி. கலிவரதன் ஸ்டூலைக் கட்டிலுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார், அவன் கத்திப் பேச வேண்டியிருக்கக் கூடாது என்று. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்.